தராசுக்கு முத்திரை உண்டு, தேர்வாளருக்கு?

வணிகச் சகோதரரே! உங்கள் கடைத் தராசைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அரசு அதிகாரி சோதித்து முத்திரையிடுகிறார். முத்திரை இல்லையென்றால் அபராதம். அரைக் கிலோ பருப்புக்கே இத்தனை கட்டுப்பாடு. ஒரு டாக்டரை எடைபோடும் தராசுக்கு?

மருத்துவ மாணவர்களின் செய்முறைத் தேர்வை எண்ணிப் பாருங்கள். ஒரு தேர்வாளர் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுப்பார்; மற்றவர் கிள்ளிக் கொடுப்பார். ஒருவனுக்கு எளிய நோயாளி. அடுத்தவனுக்குச் சிக்கலான நோயாளி. ஆங்கிலம் சரளமாகப் பேசுபவன் அறிவாளியாகத் தெரிகிறான். தமிழ் வழியில் படித்து வந்த மாணவி விடை தெரிந்தும் தடுமாறுகிறாள். இதெல்லாம் கெட்ட எண்ணத்தால் நடப்பதல்ல. நோயைக் கண்டறியக் கற்ற பேராசிரியருக்கு, மாணவனை அளக்க யாரும் முறையாகக் கற்றுத் தரவில்லை!

வழி இல்லாமலில்லை. 1975ல் ஸ்காட்லாந்தின் டண்டி நகரிலிருந்து பேராசிரியர் ரொனால்ட் ஹார்டன் ஒரு தேர்வு முறையை வெளியிட்டார். மாணவர்கள் வரிசையாகப் பல மேஜைகளுக்குச் செல்வார்கள். எல்லோருக்கும் ஒரே பணி, ஒரே நேரம். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது முன்பே எழுதப்பட்டிருக்கும். ஆனாலும் அந்தப் பட்டியலைக் கையாளும் ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும்.

நம் நாட்டில் 2019ல் எம்.பி.பி.எஸ். படிப்புக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது. ஆசிரியர்களுக்கு அடிப்படைப் பயிற்சியும் உண்டு, மூன்றே நாட்கள். பாடம் நடத்துவதும் தேர்வு வைப்பதும் அதற்குள் அடக்கம். ஆனால் ஆராய்ச்சி முறைகளை, சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைனிலேயே கற்றுத் தருகிறது. நாடெங்குமுள்ள மருத்துவ ஆசிரியர்கள் ஊரை விட்டு நகராமல் படிக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு முடிந்தது மதிப்பீட்டுக்கு முடியாதா?

ஒரே மாணவனின் செய்முறையை வீடியோவில் காட்டி நூறு ஆசிரியர்களை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். யார் அள்ளுகிறார், யார் கிள்ளுகிறார் என்பது அவரவருக்கே விளங்கிவிடும். திருத்தம் அங்கிருந்துதான் தொடங்கும்.

'டாக்டர்கள் விவகாரம், நமக்கென்ன?' என்று இருந்துவிடாதீர்கள். அநியாயமாகத் தோற்றது உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். தகுதியின்றித் தேறியவர் நாளை உங்கள் தாய்க்கு மருந்து எழுதலாம். இரண்டிலும் நட்டம் நமக்கே!

ஆகவே கேட்கிறோம்: மதிப்பீட்டுப் பயிற்சியை முடிக்காத எவரையும் தேர்வாளராக நியமிக்காதீர்கள். தராசைப் போலவே, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பியுங்கள். இளைஞர்களே, பெற்றோர்களே! கல்லூரிக் கூட்டங்களில் இந்தக் கேள்வியை நீங்களும் எழுப்புங்கள்.