அற்புதமும் அங்காடியும்

திடீரென அமானுஷ்ய ஆற்றல் பெற்றுத் திகைக்கும் நகரவாசியைப் பற்றிய நகைச்சுவை நவீனங்களை மேனாட்டுச் சரக்கென்று ஒதுக்குவோர் தமிழ் மாணவருள் உளர். வகுப்பறைக்கு வெளியே அவற்றையே அவர்கள் விரும்பிப் படிக்கின்றனர் என்பது வேறு செய்தி. இவ்வொதுக்கம் தகாதென்பதே நம் கருத்து.

எம்மூர் காவேரிப்பட்டினம். பெயரைக் கேட்டதும் பூம்புகாரோ என்று வினவுவோர் பலர். அன்று, கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையில், மாங்கூழ் ஆலைகளிடையே இருப்பது அது. ஆயினும் இப்பெயர் மயக்கத்தால் ஒரு நன்மை விளைந்தது. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையை நாம் சற்று உரிமையோடு படித்தோம். அங்கே வெள்ளிடை மன்றத்திற் காவலின்றிக் கிடக்கும் பொதியைத் திருடுவானாயின், அதனைத் தலையிற் சுமந்தே கழுத்து நோகச் சுற்றவேண்டும்; இறக்கிவைக்க இயலாது. நாற்சந்தியில் நிற்கும் பூதம் பொய்த் தவசியையும் பொய்ச் சான்று சொல்வோனையும் பாசத்தாற் கட்டிப் புடைத்துண்ணும். நகரமும் அற்புதமும் ஒருங்கே வாழ்ந்த கதை நமக்குப் புதிதன்று. இளங்கோவடிகள் இவற்றைச் சிரியாமலே சொல்கின்றார். பொதியோடு சுற்றும் கள்வனை எண்ணி நாம் சிரித்தால், அவர் சினந்துகொள்ளார் என்றே நம்புகின்றோம்.

சிரித்துக்கொண்டே சொன்னவர் புதுமைப்பித்தன் (1906–1948). அவருடைய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ 1943-இல் கலைமகளில் வெளிவந்தது. நவீனமன்று, சிறுகதையே, எனினும் இவ்வகைக்கு அதனினும் சிறந்த சான்று நாம் அறியோம். சென்னைத் தெருவிற் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கின்றார். கந்தசாமிப் பிள்ளை வியந்து விழுந்து வணங்கவில்லை. காப்பிக் கடைக்கு அழைத்துப் போகின்றார். காப்பியின் சுவையில் கடவுளின் திருவிளையாடலைவிடச் சிக்கரித் தூளின் திருவிளையாடலே மிகுதி என்று தெரியவருகின்றது. பிறகு தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கின்றார் பிள்ளை. யாருடைய ஆயுளுக்கு என்பதன்றோ அங்கே சிக்கல்! ஈற்றில், தில்லையில் ஆடியவரே செல்வர் ஒருவர் மனையில் ஆடிக்காட்டியும் பிழைக்க வழியில்லை. ஆற்றல் குறைந்ததன்று, அதனை வாங்கிக்கொள்ள நகரத்திற் கடை இல்லை.

தெய்வத்தைப் பாத்திரமாக்கி நகையாடுதல் தகுமோ என்று நம் கல்லூரியிற் சிலர் கேட்பதுண்டு. கேள்வி நேர்மையானதே. ஆனால் அக்கதையில் நகைக்கப்படுவது யார்? வரம் தர வந்தவரிடம் சந்தாப் பணம் கேட்கும் மனிதனே. கலை தெரிந்தவர்போல் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதரே. கடவுள் அங்கே பொறுமையுள்ள விருந்தினராகவே இருக்கின்றார். இதனைப் பழிப்பென்போர் கதையை முழுதும் படித்தாரல்லர்.

மேனாட்டு வகையில் ஆற்றல் பெற்றவன் உலகைக் காக்கப் புறப்படுகின்றான். நமக்கு அது பொருந்தாது. வீட்டு வாடகையும் பேருந்து நெரிசலும் அவனை எங்கே விடும்? எம்மூரில் மயானக் கொள்ளையன்று காளி வேடம் பூண்டு வீதியை நடுங்கவைத்தவர், மறுநாட் காலை ஓசூர்த் தொழிற்சாலை வண்டிக்கு நிற்பதும் கூடும்.

நாம் விரும்பும் நவீனம் அவ்வெல்லைப்புறத்திற் பிறக்கவேண்டும். ஓசூர்ச் சிப்காட்டில் இரவு முறை முடித்துத் திரும்பும் இளைஞனுக்குப் பிறர் மனத்தைக் கேட்கும் ஆற்றல் வந்துவிடுகின்றது. ஆனால் அத்திப்பள்ளி வழியே செல்லும் பேருந்தில் ஒருவர் கன்னடத்தில் நினைக்கின்றார்; மற்றொருவர் தெலுங்கில்; ஒடிசாவிலிருந்து வந்தவர் ஒடியத்தில். முக்காற் பங்கு அவனுக்கு விளங்கவில்லை. விளங்கிய காற்பங்கோ, அவன் வாங்கிய கடனைப் பற்றி நண்பன் நினைப்பது. மறுநாள் அவன் வாங்கப் போவது ஒரு கன்னட அரிச்சுவடி. இதனை எழுத வல்ல நண்பர், அடுத்த ஆண்டு மலருக்கு முதல் அதிகாரத்தையேனும் அனுப்புவாராக.