சின்னக் காருக்குப் பெரிய சக்கரம்: யாருடைய கண்ணுக்காக?

தண்டலத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கார் வாங்கும் நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. கார் வீட்டுக்கு வந்த சில மாதங்களுக்குள் அதன் சக்கரங்கள் கழற்றப்படுகின்றன. கம்பெனி பொருத்தித் தந்த 14 அங்குலச் சக்கரம் போய், கறுப்பும் வெள்ளியுமாக மின்னும் 16 அங்குல அலாய் வீல் வந்து அமர்கிறது. பெருநாளன்று பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். வேறு நோக்கம் உண்டென்று சொல்பவர்களின் வாதங்களைப் பின்னால் பார்ப்போம். இந்த வழக்கம் வீண்விரயம் மட்டுமன்று, நம் பெண்டு பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவதும் ஆகும் என்பதே என் குற்றச்சாட்டு.

இது எந்த ஊரில் நடக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தண்டலத்தை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் 2010இல் ரெனோ – நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதே ஒரகடத்தில் அப்போலோ டயர் ஆலை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜேகே, சியட் டயர் ஆலைகளும் உள்ளன. வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையமும் ஒரகடத்தில்தான் நிற்கிறது. ஒரு காருக்கு எந்தச் சக்கரம் பொருந்தும் என்ற கேள்விக்கு விடை தேட இதைவிடத் தகுந்த வட்டாரம் இந்தியாவில் அதிகம் இல்லை. நம் இளைஞர்கள் பலர் இந்த ஆலைகளில்தான் வேலை செய்கிறார்கள். ஆலையில் சக்கரத்தின் ஒவ்வொரு நட்டும் குறித்த அளவு இறுக்கத்துக்கே முறுக்கப்பட வேண்டும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். அதே சகோதரர் விடுமுறை நாளில் தம் சொந்தக் காரைச் சாலையோரக் கடையில் விட்டுவிட்டு, கடைப் பையன் காற்றுத் துப்பாக்கியால் கண்மூடித்தனமாக முடுக்குவதைத் தேநீர் அருந்தியபடி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களை வாசிக்கத் தெரியாமலே பல்லாயிரம் ரூபாய் கைமாறுகிறது. ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருங்காட்டுக்கோட்டையிலேயே தயாராகும் கிராண்ட் ஐ10 நியோஸ் காரின் கீழ்நிலை வகைகளில் 165/70 ஆர்14 என்ற டயர் வருகிறது. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பதைக் குறிக்கும். அதாவது 115.5 மி.மீ. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிக் கணக்கிட்டால் சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறத்தாழ 587 மி.மீ. அதே காரின் மேல்நிலை வகைக்குக் கம்பெனி தருவது 175/60 ஆர்15. அதன் மொத்த விட்டம் 591 மி.மீ. ரிம் ஓர் அங்குலம் பெரிதாகியும் சக்கரத்தின் விட்டம் வெறும் 4 மி.மீ. அளவே கூடுகிறது. ரிம் வளர்ந்த அளவுக்குப் பக்கச்சுவரைக் குறைத்திருக்கிறார்கள். ஸ்பீடாமீட்டர், பிரேக், ஏபிஎஸ், ஸ்டியரிங் எதன் கணக்கும் கலையவில்லை. காரை வடிவமைத்தவர்கள் அழகுக்கு எதிரிகள் அல்லர். எவ்வளவு தூரம் போகலாம் என்று அவர்களே கோடு கிழித்துக் காட்டியிருக்கிறார்கள்.

நம்மவர்கள் அந்தக் கோட்டில் நிற்பதில்லை. ஐ20 காரிலிருந்து கழற்றிய 16 அங்குலச் சக்கரம் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருவர் சொல்வார். துளைகளும் பொருந்திவிடும். ஆனால் அதிலுள்ள 195/55 ஆர்16 டயரின் விட்டம் 621 மி.மீ. இது கம்பெனி அளவைவிட நூற்றுக்கு ஆறு பங்கு அதிகம். பொதுவாகச் சொல்லப்படும் பாதுகாப்பு எல்லையோ மூன்று பங்கு. ஸ்பீடாமீட்டர் துல்லியமாக இருந்ததென்றே வைத்துக்கொள்வோம். அது 80 என்று காட்டும்போது கார் ஏறத்தாழ 85 கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிவிட்டால், திருப்பங்களிலும் வேகத்தடைகளிலும் டயர் உள்வளைவில் உரசும். பெரிய சக்கரத்தைச் சுழற்ற அதே சின்ன எஞ்சின் கூடுதலாகத் திணறும். மைலேஜ் குறைகிறது என்று பிறகு கம்பெனியைத் திட்டுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. விட்டம் கூடக் கூடாது என்பதை அவர்கள் அறிவார்கள். ஆகையால் 16 அங்குல ரிம்மில் 195/45 டயரைப் போடுவார்கள். விட்டம் 582 மி.மீ.; கணக்கு சரிதான். ஆனால் பக்கச்சுவர் 115.5 மி.மீ. இலிருந்து 88 மி.மீ. ஆகச் சுருங்கிவிட்டது. பள்ளத்தில் விழும் அடியை முதலில் வாங்கிக்கொள்வது அந்தப் பக்கச்சுவரும் அதற்குள்ளிருக்கும் காற்றும்தான். தண்டலத்தின் சாலைகள் எப்படிப்பட்டவை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கன்டெய்னர் லாரிகளும் கார்களைச் சுமந்து செல்லும் நீண்ட டிரெய்லர்களும் இரவு பகலாக ஓடும் நெடுஞ்சாலை, அதன் ஓரத்தில் சர்வீஸ் ரோடு, பேரம்பாக்கம் பக்கம் திரும்பினால் வேறு வகைக் குழிகள். மழை பெய்தால் எது குழி, எது சாலை என்று தெரியாது. அந்த இடத்தில் மெல்லிய பக்கச்சுவர் ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் இடையே நசுங்கி, உள்ளே நூல் அறுந்து, வெளியே கட்டி போலப் புடைக்கும். அலாய் வளையலாம், விரிசலும் விடலாம். விரிசல் விட்ட ரிம்மைப் பற்றவைத்து, கறுப்புச் சாயம் அடித்து, புதிது போல் மறுபடி விற்கும் கொடுமையும் சந்தையில் உண்டு.

இதிலே யாரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் எடை எண். டயர் அளவுக்குப் பக்கத்தில் 81 என்று இருந்தால் அந்த ஒரு டயர் 462 கிலோ வரை தாங்கும். 80 என்றால் 450 கிலோ. கம்பெனி 81 கொடுத்த இடத்தில் 80 கொண்ட டயரைப் போடுவது, பார்ப்பதற்கு அகலமாக இருந்தாலும், தாங்கும் திறனில் இறக்கமே. அகலமான டயர் என்றால் வலுவான டயர் என்பது நம்மிடையே பரவியிருக்கும் அறியாமை.

"பிடிமானம் கூடுகிறதே, பிரேக் நன்றாகப் பிடிக்கிறதே" என்பதே அவர்களின் பெரிய வாதம். இதில் ஒரு பாதி உண்மை இருப்பதை மறுக்க மாட்டேன். உலர்ந்த சாலையில், தரமான ரப்பரால் ஆன சற்று அகலமான டயர் நன்றாகவே பிடிக்கும். ஆனால் அந்தப் பிடிமானத்தில் பெரும் பங்கு ரப்பரின் தரத்தால் வருவது. அதே தரத்தைக் கம்பெனி அளவிலும் வாங்கலாம். மழைக்காலத்திலோ கதை தலைகீழாகிறது. தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு 1960களில் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் ஒரு தோராயக் கணக்கைத் தந்தார்கள். அது டயரின் காற்றழுத்தத்தைச் சார்ந்தது. 33 பிஎஸ்ஐ காற்று இருந்தால் ஏறத்தாழ 96 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும். 25 பிஎஸ்ஐ என்றால் 83 கிலோமீட்டரிலேயே மிதக்கும். மெல்லிய டயர் போட்டவர் குலுக்கல் தாங்காமல் என்ன செய்கிறார்? காற்றைக் குறைக்கிறார். அகலம் கூடியதால் டயர் விலக்கித் தள்ள வேண்டிய நீரும் கூடியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும்போது அவருடைய ஸ்டியரிங் ஒரு கணம் வெறுமையாய்ச் சுழலும். அந்த ஒரு கணத்தில் அலாயின் பளபளப்பு எதற்கு உதவும்?

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று வகுத்தது. சாலையில் எந்தக் காவலரும் டயரை அளந்து பார்ப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் அளந்து பார்க்கலாம்.

"என் பணம், என் கார்" என்பார்கள். சகோதரரே, பணம் உங்களுடையது என்று மார்க்கம் எங்கே சொன்னது? அது அல்லாஹ் உங்களிடம் ஒப்படைத்த அமானிதம். எப்படிச் செலவழித்தாய் என்ற கேள்வி மறுமையில் உண்டு. அதிலும் பலர் கைப்பணத்தில் வாங்குவதில்லை, கிரெடிட் கார்டில் வட்டித் தவணை போடுகிறார்கள். வீடு வாங்க வட்டி கூடுமா என்று ஆலிம்களிடம் மணிக்கணக்கில் வாதாடும் சமுதாயம், அலங்காரச் சக்கரத்துக்கு வட்டி கட்டும்போது வாய் திறப்பதில்லை. காரும் உங்களுக்கு மட்டும் உரியதன்று. பின்னிருக்கையில் உங்கள் தாயார் அமர்ந்திருக்கிறார். மதரஸாவிலிருந்து திரும்பும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அமர்ந்திருக்கிறது.

பின்கண்ணாடியில் மாஷா அல்லாஹ் ஸ்டிக்கர். கீழே நூல் தெரியும் டயர். பயண துஆவை ஓதுகிறோம், ஓதத்தான் வேண்டும். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. டயரின் பள்ளக் கோடு 1.6 மி.மீ. ஆழத்துக்குக் கீழே தேய்ந்தால் அது சாலைக்கு உதவாது என்பது அரசின் விதி. அலாய்க்குப் பல்லாயிரம் கொட்டியவர், பணம் தீர்ந்துவிட்டது என்று பழைய டயரையே புதிய ரிம்மில் ஏற்றுவது எந்த வகைத் தவக்குல்?

எதிர்ப்பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் ஹராம் என்று முடித்துவிடும் பெரியவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அழகை மார்க்கம் வெறுக்கவில்லை. கீழ்நிலை வகைக் காரை வாங்கியவர், அதே காரின் மேல்நிலை வகைக்குக் கம்பெனி தரும் சக்கரத்தையும் டயரையும் வாங்கிப் பொருத்துவதில் என்ன தவறு? கைப்பணம் இருந்தால் செய்யட்டும், மகிழட்டும். அடுத்த தெருக்காரரை மிஞ்ச வேண்டும் என்ற பெருமையும், பொருந்தாததைத் திணிக்கும் பிடிவாதமுமே என் எதிரிகள்.

டயர் வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களிடமும் ஒரு சொல். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3223 என்றால் 2023ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் உருவான டயர். கடை மூலையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த சரக்கைப் புதியது என்று விற்கும்போது, அந்த எண் காருக்கு உள்பக்கமாக வருமாறு மாட்டிவிட்டால் வாங்குபவர் அறிய மாட்டார். மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதை ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அந்த எண்ணை வாடிக்கையாளருக்குக் காட்டிவிட்டு விற்றால் போதும். ரிம் விற்பவரும், உள்பக்கத்திலுள்ள ஐஎஸ்ஐ முத்திரையையும் நடுத்துளை காரின் அச்சுக்குப் பொருந்துகிறதா என்பதையும் காட்டிய பிறகே காசை வாங்கட்டும். நடுத்துளை பெரிதாக இருந்தால், இடைவெளியை அடைக்கும் வளையம் இல்லாமல் மாட்டக் கூடாது.

ஒரு செட் அலங்காரச் சக்கரத்துக்கு ஆகும் பணத்தில், கம்பெனி அளவில் நான்கு தரமான டயர்களை வாங்கி, அலைன்மென்டும் பேலன்சிங்கும் செய்து, காற்றழுத்தம் பார்க்கும் சிறு கருவி ஒன்றையும் டிக்கியில் போட்டுக்கொண்டு, மீதியை உண்டியலில் இடலாம். ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, டயர் ஆலையிலோ கார் ஆலையிலோ வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் இரண்டு பேரைப் பள்ளிவாசல் வாசலில் நிறுத்துங்கள். காற்று, தேய்மானம், தயாரிப்பு வாரம், எடை எண் ஆகிய நான்கையும் ஒவ்வொரு காரிலும் அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். ஒரு காருக்கு ஐந்து நிமிடம் ஆகும். ஸ்டெப்னியையும் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.