மாத்திரையின் அளவும் மக்களின் உரிமையும்

திருக்கோணமலைத் துறைமுகத்தின் பெருமையை உலகமே பேசுகின்றது. ஆனால், அத்துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் மக்களும், மூதூரிலும் தம்பலகாமத்திலும் வயலுழும் கமக்காரரும் நாள்தோறும் விழுங்கும் மாத்திரையில், சொல்லப்பட்ட மருந்து சொல்லப்பட்ட அளவில் உண்டா என்று கேட்பார் யார்?

இது வீண் ஐயமன்று. 2023 இல் அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட இமியூனோகுளோபுலின் மருந்து தரமற்றதெனக் கண்டறியப்பட்டதையும், அவ்விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்பட்டதையும் நாடறியும்.

நீரிழிவுக்குரிய மெற்போமின் மாத்திரைகளுள் ஒருவகை, மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடுவது. அதில் மருந்தானது பொலிமர் எனும் பல்பகுதியத்தோடு பிணைந்து கிடக்கும். வயிற்றுநீர் பட்டதும் அப்பொருள் களிபோற் பொங்கி, மருந்தைச் சிறிது சிறிதாகக் கசியவிடும்.

இத்தகைய மருந்துக்குச் சோதனை இரண்டு வேண்டும். மருந்து முழுவதையும் பல்பகுதியத்திலிருந்து பிரித்தெடுத்து அளப்பது ஒன்று. பிரித்தெடுப்பதிற் குறையிருந்தால் நல்ல மருந்தும் குறைமருந்தாகத் தோன்றும். உடல்வெப்பமாகிய 37 பாகையில் நீர்மத்திலிட்டுக் கலக்கி, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு வெளிவருகின்றதெனப் பன்முறை அளப்பது மற்றொன்று.

முதற் சோதனை மட்டும் போதாதோ? போதாது! அமெரிக்காவில் விற்கப்பட்ட பலடோன் எனும் வலிநிவாரணி, மதுவோடு சேர்ந்தால் ஒருநாள் முழுவதற்குமுரிய மருந்தை ஒருங்கே கொட்டிவிடக்கூடுமெனக் கண்டு, 2005 இல் அதன் விற்பனையை நிறுத்தினர். அங்கே அளவிற் குறையில்லை. வெளிவிடும் முறையிலேயே குறை இருந்தது.

வெப்பமும் ஈரமும் பல்பகுதியத்தின் இயல்பை மாற்றவல்லன. எனவேதான் எம்மனைய நாடுகளுக்கென 30 பாகை வெப்பத்திலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் மருந்தை வைத்துச் சோதிக்கும் முறை வகுக்கப்பட்டுள்ளது. ஆயின், துறைமுகத்தில் இறங்கியபோது நல்லதாயிருந்த மருந்து, எமது களஞ்சியத்தில் கோடையைக் கடந்த பின்னும் நல்லதாயிருக்குமென எவர் உறுதி கூறுவர்?

2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை நிறுவியது. அச்சபையிடம் யாம் கேட்பவை மூன்று. மாவட்டக் களஞ்சியங்களிலிருந்தே மாதிரிகளை எடுத்து, இருவகைச் சோதனையும் நடத்தி, முடிவுகளை வெளியிடுக. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கு வேண்டிய கருவிகளை நல்கி, எம் இளைஞரைப் பயிற்றுக. “நசுக்காதீர், மெல்லாதீர்” என்ற எச்சரிக்கையை மருந்துறையில் தமிழிலும் பொறித்திடுக. மெல்ல வெளிவிடும் மாத்திரையை நசுக்கினால், மணிக்கணக்கில் வரவேண்டிய மருந்து ஒரே வேளையில் வந்துவிடும். இதனை அறியாத கமக்காரன் மீது பிழையில்லை; அவன் அறியும் மொழியிற் கூறாதார் மீதே பிழை. தமிழ் 1987 முதல் அரசகரும மொழியன்றோ?

செலவு பெரிதென்பர். நெல்லை விற்கும்போது தராசின் முள்ளைப் பார்ப்பது எம் கமக்காரரின் வழக்கம். தன் உயிரைக் காக்கும் மருந்துக்கும் அத்தகைய தராசொன்றைக் கேட்பது சலுகையன்று, உரிமை!