பள்ளியில் நம்பர் 1... அப்புறம்? ஜப்பான் சுமோவில் 18 வயதுப் பையனின் தரவரிசையை எவ்வளவு நம்பலாம்?

2025-ம் ஆண்டு ஜப்பான் சுமோவுக்கு நான்கே மாத இடைவெளியில் இரண்டு புதிய யோகோசுனாக்கள் கிடைத்தார்கள். ஜனவரியில் மங்கோலியாவில் பிறந்த ஹோஷோர்யு, 74-வது யோகோசுனா. மே மாதம் இஷிகாவா மாகாணத்துக்காரர் ஓனோசாட்டோ, 75-வது. சுமோவில் இதற்கு மேல் பதவி கிடையாது. ஒருமுறை யோகோசுனா ஆகிவிட்டால் கீழே இறக்க மாட்டார்கள். ஆட்டம் சரியில்லை என்றால் ஓய்வு பெற வேண்டியதுதான்.

இவர்கள் இரண்டு பேருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. பள்ளியில் படித்தபோது நாட்டின் முதல் மாணவ வீரருக்குக் கிடைக்கும் 'பள்ளி யோகோசுனா' என்ற பெயர் இருவருக்குமே கிடைக்கவில்லை. ஹோஷோர்யு இறுதி ஆட்டம் வரை வந்து இரண்டாம் இடத்தோடு திரும்பியவர். ஓனோசாட்டோ பள்ளியை விட்டுப் போகும்போதும் அந்தப் பட்டம் கையில் இல்லை.

அப்படியென்றால் வருஷா வருஷம் ஜப்பானில் பள்ளி சுமோ வீரர்களை 'இவர்தான் முதல், இவர் இரண்டாவது' என்று வரிசைப்படுத்துகிறார்களே, அதற்கு என்ன மதிப்பு? கேள்வி ரசிகர்களுக்கு மட்டுமானதல்ல. 2023-ல் வந்த ஒரு விதி மாற்றத்தால் இந்த வரிசை பையன்களின் வேலை வாழ்க்கையையே தொடுகிறது.

பள்ளி யோகோசுனா என்பவர் யார்?

ஜப்பானில் மேல்நிலைப் பள்ளி என்பது 15 முதல் 18 வயது வரை மூன்று வருஷம். கோடையில் நடக்கும் அகில ஜப்பான் பள்ளி விளையாட்டு விழாவை 'இன்டர்-ஹை' என்பார்கள். கால்பந்து, நீச்சல், ஜூடோ எல்லாம் அதில் உண்டு, சுமோவும் உண்டு. அதில் எடைப் பிரிவு பார்க்காத தனிநபர் போட்டியில் ஜெயிப்பவரைத்தான் பள்ளி யோகோசுனா என்று அழைக்கிறார்கள். 90 கிலோ பையனும் 160 கிலோ பையனும் ஒரே வட்டத்துக்குள் நேருக்கு நேர் நிற்கலாம்.

இது ஒன்றுதானா என்றால் இல்லை. மாகாணங்கள் மோதும் தேசிய விளையாட்டு விழாவில் பள்ளி வயதினருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. வசந்த காலத்தில் தேர்வு பெற்றவர்களுக்கான போட்டி. அமோரியில் தொவாடா, ஓய்ட்டாவில் உசா என்று ஊர் பெயராலேயே அறியப்படும் போட்டிகள் தனி. இவற்றில் மூத்தது கனசாவாவில் நடப்பது. 1915-ல் தொடங்கி நூறு வருஷத்தைத் தாண்டிவிட்டது. உதாட்சு மலையில் இருக்கும் திறந்தவெளிக் களத்தில், பள்ளிக்கூடங்களின் கொடியும் கூச்சலுமாக நடக்கும். இஷிகாவாவில் சுமோ இன்னும் உயிரோடு இருக்க இந்தப் போட்டியும் ஒரு காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் இத்தனை போட்டிகளையும் கூட்டிக் கழித்து ஒரே பட்டியல் போடும் அதிகாரபூர்வ முறை எதுவும் இல்லை. தொழில்முறை சுமோவில் 'பான்சுகே' என்ற தரவரிசைத் தாள் உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியாகும், மேலே இருப்பவர் முதல் கடைசி ஆள் வரை எல்லோருக்கும் அதில் ஓர் இடம் இருக்கும். பள்ளி சுமோவில் பட்டங்கள் மட்டும்தான். அதை வைத்து வரிசை போடுவது ரசிகர்கள், பத்திரிகைகள், ஆள் தேடும் பயிற்சிக்கூட குருக்கள் ஆகியோரின் வேலை. ஆளுக்கு ஒரு வரிசை இருக்கும்.

சிக்கல் எங்கே இருக்கு?

தொழில்முறைப் போட்டியில் மேல் இரண்டு பிரிவு வீரர்கள் 15 நாள், நாளுக்கு ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். ஒரு நாள் கால் வழுக்கினாலும் மீதி 14 நாள் இருக்கிறது. பள்ளிப் போட்டி அப்படி இல்லை. ஆரம்பச் சுற்றில் சில ஆட்டங்கள், அதைத் தாண்டினால் நாக்-அவுட். ஒரே நாளில் அடுத்தடுத்து பல முறை களம் ஏற வேண்டும். களத்தின் விட்டம் 4.55 மீட்டர், பெரும்பாலான ஆட்டங்கள் சில நொடிகளில் முடிந்துவிடும். பாதம் தவிர உடம்பின் எந்தப் பகுதி தரையைத் தொட்டாலும் தோல்வி. கட்டைவிரல் நுனி கோட்டுக்கு வெளியே மண்ணைத் தொட்டாலும் தோல்விதான். காலிறுதியில் அரை நொடி தாமதமாக எழுந்தவர் அந்த வருஷத்தின் சிறந்த வீரராகக்கூட இருக்கலாம். ஆனால் பட்டியலில் அவர் பெயர் எட்டுப் பேரில் ஒன்று, அவ்வளவுதான்.

தொடக்கமும் வேற மாதிரி. தொழில்முறையில் இரண்டு வீரர்களும் ஒருவர் மூச்சை ஒருவர் கவனித்து, தாங்களே ஒரே கணத்தில் பாய வேண்டும். அமெச்சூரில் நடுவர் குரல் கொடுத்ததும் பாய்ச்சல். சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும். ஆனால் முதல் மோதலிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும் ஒரு விளையாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று உடம்பு. 17 வயதில் சிலர் முழு வளர்ச்சி அடைந்துவிடுவார்கள், சிலருக்கு இனிமேல்தான். சீக்கிரம் பெரிதானவர் எடையை வைத்தே பள்ளியில் பட்டங்களை அள்ளிவிடலாம். மேலே போனதும் எல்லோருமே 150 கிலோ!

பட்டியலுக்கே வராதவர்களும் இருக்கிறார்கள். சுமோவில் 15 வயதில் நடுநிலைப் பள்ளி முடித்த கையோடு பயிற்சிக்கூடத்தில் சேர்வது பழைய வழக்கம். 2017-ல் யோகோசுனா ஆன கிசெனோசாட்டோ அப்படி வந்தவர். ஓனோசாட்டோவின் குரு அவர்தான். 45 பட்டங்கள் வென்று சாதனை படைத்த ஹகுஹோ மங்கோலியாவிலிருந்து 15 வயதில் வந்தபோது எடை 62 கிலோ. அன்றைக்கு யாராவது இளைஞர் தரவரிசை போட்டிருந்தால் அவர் பெயர் எந்த மூலையில் இருந்திருக்கும்?

பட்டியல் பலித்ததும், பாதியில் நின்றதும்

பள்ளித் தரவரிசை வெறும் குருட்டுக் கணக்கு என்றும் சொல்லிவிட முடியாது. சைதாமா சகாயே பள்ளியில் படித்த கோஎய்டோ பள்ளி யோகோசுனா. பள்ளிக் காலத்தில் மட்டும் 11 பட்டங்கள். 2005 ஜனவரியில் தொழில்முறைக்கு வந்தார், 2014-ல் ஓசெகி ஆனார். யோகோசுனாவுக்கு அடுத்த பதவி அது. 2016 செப்டம்பரில் 15 ஆட்டங்களில் 15 வெற்றியோடு கோப்பை. கணித்தது நடந்தது. ஆனால் எவ்வளவு காலம் பிடித்தது பாருங்கள், முதல் கோப்பைக்கு 11 வருஷத்துக்கும் மேல். யோகோசுனா பதவி கடைசிவரை வரவில்லை, 2020-ல் ஓய்வு.

இந்தக் கட்டுரைக்கு மிகவும் பொருத்தமான கதை டொட்டோரி ஜோஹோக்கு பள்ளியிலிருந்து வந்த இரண்டு பேருடையது. ஒருவர் ஹகுஓஹோ, இயற்பெயர் ஒச்சியாய். தொடர்ந்து இரண்டு வருஷம் பள்ளி யோகோசுனா. இன்னொருவர் அதே பள்ளியில் படித்து நிஹோன் பல்கலைக்கழகம் போன தகெருஃபுஜி. மாணவப் பருவம் முழுக்க முழங்கால் காயத்தோடு போராடியவர், சொல்லிக்கொள்ளும்படி பெரிய தனிநபர் பட்டம் இல்லாததால் எந்தச் சலுகையும் கிடைக்காமல் அடிமட்டத்திலிருந்து தொடங்கியவர்.

ஹகுஓஹோவின் ஏற்றம் ராக்கெட் மாதிரி இருந்தது. 2023 ஜனவரியில் அறிமுகம், ஏழுக்கு ஏழு வெற்றி, ஒரே போட்டியில் சம்பளம் தரும் பிரிவுக்கு உயர்வு. நவீன காலத்தில் அதற்கு முன் யாரும் அப்படி ஏறியதில்லை. ஜூலையில் முதல் பிரிவில் கால் வைத்தவர் கடைசி நாள் வரை கோப்பைக்கான போட்டியில் இருந்தார், ஹோஷோர்யுவிடம்தான் தோற்றார். அறிமுகப் போட்டியிலேயே முதல் பிரிவுக் கோப்பை என்பது 1914-க்குப் பிறகு நடக்காத ஒன்று. அது கைநழுவிப் போனது. அப்புறம் தோள்பட்டை அறுவை சிகிச்சை. மாதக்கணக்கில் ஓய்வு, தரவரிசையில் சரிவு, மறுபடி ஏறும் வேலை.

எட்டு மாதம் கழித்து, 2024 மார்ச்சில் அந்த 110 வருஷ இடைவெளியை முடித்து வைத்தவர் தகெருஃபுஜி. 13 வெற்றி, 2 தோல்வி. 14-வது நாள் கணுக்காலில் அடிபட்டு, நடக்கவே சிரமப்பட்ட நிலையில் மறுநாள் வந்து ஜெயித்தார். பள்ளி நாட்களில் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி 'யார் முதலில் கோப்பை வாங்குவார்?' என்று கேட்டிருந்தால் பட்டியல் என்ன சொல்லியிருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2023-ல் விதி ஏன் மாறியது?

ஹகுஓஹோ கதையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர் தொழில்முறையில் அடியிலிருந்து தொடங்கவில்லை, மூன்றாம் பிரிவின் 15-வது இடத்துக்கு இணையாகத் தொடங்கினார். ஆனால் அந்தச் சலுகையைக் கொடுத்தது இரண்டு பள்ளிப் பட்டங்கள் அல்ல. பள்ளி முடித்த பிறகு, 2022-ல் நிறுவன ஊழியர்களுக்கான தேசியப் போட்டியில் ஜெயித்தாரே, அதுதான். பழைய விதிப்படி குறுக்கு வழிக் கதவைத் திறந்தவை பெரியவர்களுக்கான நான்கு பெரிய அமெச்சூர் போட்டிகள் மட்டுமே. பள்ளியில் என்ன ஜெயித்தாலும் தொழில்முறைக்கு வந்தால் கடைசி வரிசையில் நிற்க வேண்டும்.

அதனால் திறமையான பையன் என்ன செய்வான்? பல்கலைக்கழகம் போவான். பட்டப்படிப்பும் கிடைக்கும், ஜெயித்தால் சலுகையும் கிடைக்கும். ஓனோசாட்டோ சென்றது இந்த வழியில்தான். நிப்பான் விளையாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில் முதல் வருஷமே மாணவ யோகோசுனா, பிறகு 2021, 2022 இரண்டு வருஷமும் அமெச்சூர் யோகோசுனா. 2023 மே மாதம் மூன்றாம் பிரிவின் 10-வது இடத்துக்கு இணையாக நுழைந்து, 13-வது போட்டி முடிவில் யோகோசுனா. அவ்வளவு வேகமாக யாரும் அந்த இடத்துக்கு வந்ததில்லை. பட்டதாரி யோகோசுனா என்று பார்த்தால் 1973-ல் பதவிக்கு வந்த வாஜிமாவுக்குப் பிறகு இவர்தான். வாஜிமாவும் இஷிகாவாக்காரர்தான்.

இதற்கிடையே சுமோ சங்கத்துக்கு வேறு கவலை. 1992 மார்ச்சில் ஒரே போட்டிக்கு 160 புதிய பயிற்சி வீரர்கள் வந்தார்கள். 2023 முழு வருஷத்துக்கும் சேர்த்து வந்தவர்கள் 53 பேர். அந்த வருஷம் செப்டம்பரில் சங்கம் சில முடிவுகள் எடுத்தது. 167 செ.மீ. உயரம், 67 கிலோ எடை என்ற கட்டாயம் தளர்ந்தது, குறைவாக இருப்பவர்கள் உடல்திறன் தேர்வு எழுதி வரலாம். பெரியவர்களின் அமெச்சூர் சாம்பியன்களுக்கான சலுகை மூன்றாம் பிரிவின் கடைசி இடத்துக்கு இறக்கப்பட்டது. முதல் முறையாக, பெரிய பள்ளிப் போட்டிகளில் முன்னணி இடம் பிடித்தவர்களுக்கும் நான்காம் பிரிவின் கடைசி இடத்தில் தொடங்கும் வாய்ப்பு வந்தது.

மொத்தம் ஆறு பிரிவுகள். கீழ் இரண்டையும் தாண்டிக் குதிக்கலாம் என்பதுதான் சலுகை. வலுவான பையனுக்கு இது எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டால், இரண்டு மாதத்துக்கு ஒரு போட்டி வீதம் சுமார் அரை வருஷம். அரை வருஷம்தானே என்று தோன்றும். ஆனால் மேல் இரண்டு பிரிவுகளில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் மாதச் சம்பளம். இரண்டாம் பிரிவுக்கு வந்தாலே மாதம் சுமார் 11 லட்சம் யென். அதற்குக் கீழே சம்பளம் இல்லை, போட்டிக்கு ஒரு படித்தொகை மட்டும். பயிற்சிக்கூடத்தில் எல்லோரோடும் ஒரே அறையில் தூக்கம், சமையல், துப்புரவு, மூத்தவர்களுக்குப் பணிவிடை. அந்த வாழ்க்கையில் ஆறு மாதம் குறைகிறது என்றால் 18 வயதுப் பையனுக்கு அது பெரிசுதான்.

என் பார்வையில் ஆபத்தும் இங்கேதான். முன்பு பள்ளிப் பட்டம் பெருமைக்கு. இப்போது அரையிறுதிக்கு வந்தோமா, காலிறுதியில் போனோமா என்பது தொடங்கும் இடத்தையே மாற்றலாம். சில நொடி ஆட்டத்தின் மேல் இவ்வளவு எடையை ஏற்றினால், முழங்காலில் வலி இருந்தாலும் 'இந்த ஒரு ஆட்டம் ஆடிட்டு ரெஸ்ட் எடுத்துக்கலாம்' என்று இறங்கும் பையன்கள் கூடுவார்கள். பள்ளிக் காலக் காயம் என்ன செய்யும் என்பதை தகெருஃபுஜியைக் கேட்டால் தெரியும். கோப்பைக்குப் பிறகும் காயம் அவரை விடவில்லை.

அப்போ எப்படித்தான் வரிசைப்படுத்துவது?

இப்போது பள்ளியில் இருக்கும் பையன்களின் பெயரைப் போட்டு 'டாப் 10' கொடுக்கலாம், கிளிக்கும் வரும். அவர்களில் பலருக்கு 16, 17 வயது என்பதால் அதைச் செய்யவில்லை. ஆனால் நீங்களே பட்டியல் போடுவதாக இருந்தால், பட்டத்தை மட்டும் எண்ணாதீர்கள். ஒரே சீசனில் இன்டர்-ஹை, தேசிய விழா, கனசாவா, தொவாடா என்று நாலு இடத்திலும் கடைசி நான்கு பேருக்குள் வந்தவர், ஒரே ஒரு கோப்பை வாங்கிவிட்டு மற்றதில் முதல் சுற்றில் போனவரைவிட என் கணக்கில் மேலே. ஜெயித்த விதத்தையும் பார்க்கணும். பின்வாங்கி இழுத்து எதிராளியை விழ வைப்பவரைவிட, முன்னேறித் தள்ளி ஜெயிப்பவர் மேலே போனாலும் தாக்குப்பிடிப்பார் என்பது சுமோ குருக்கள் காலங்காலமாகச் சொல்வது. முதலாம் ஆண்டு மாணவர் மூன்றாம் ஆண்டு மாணவரை வீழ்த்தினால் அதற்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம்.

எந்தப் பள்ளி என்பதும் ஒரு தகவல்தான், ஆனால் ஏமாற்றும் தகவல். சைதாமா சகாயே, டொட்டோரி ஜோஹோக்கு போன்ற பள்ளிகளில் தினசரிப் பயிற்சியே ஒரு தேசியப் போட்டி மாதிரி. அங்கிருந்து வரும் பையன் 18 வயதில் ஏறக்குறைய மெருகேறிய ஆள். அவ்வளவு வசதி இல்லாத ஊரிலிருந்து வந்து காலிறுதியில் தோற்றவருக்கு இன்னும் வளர இடம் நிறைய இருக்கலாம். ஹோஷோர்யு ஜப்பான் பள்ளிக்கு வந்ததே சாதாரண மல்யுத்த வீரராகத்தான். பள்ளியிலிருந்து டோக்கியோவின் ரியோகொகு அரங்குக்குக் கூட்டிப்போய் சுமோ காட்டினார்கள், பையன் பாதை மாறினான். கடைசி வருஷத்தில் நாட்டில் இரண்டாம் இடம். அந்த 'இரண்டாம் இடம்' என்ற சொல்லுக்குப் பின்னால் சுமோவில் அவருக்கு எத்தனை வருஷப் பழக்கம் என்பது எந்தப் பட்டியலிலும் இருக்காது.

இன்டர்-ஹை கோடையில் முடிந்துவிடும். பள்ளி முடிவது மார்ச்சில். அந்த மார்ச்சில் ஒசாகாவில் நடக்கும் தொழில்முறைப் போட்டியை ஜப்பானில் 'வேலைக்குச் சேரும் போட்டி' என்றே அழைக்கிறார்கள், புதிய பையன்கள் அதிகம் சேர்வது அப்போதுதான் என்பதால். நடுவில் இருக்கும் ஏழெட்டு மாதத்தில் அந்தப் பையனும் வீட்டாரும் முடிவு செய்ய வேண்டும்: சலுகையை வாங்கிக்கொண்டு இப்போதே உள்ளே போவதா, நாலு வருஷம் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு வருவதா என்று.