மீனுக்கும் அளவுச் சாப்பாடு

என் பிள்ளை கூடத்தில் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைத்திருக்கிறான். இரண்டு கோமாளி மீன்; மண்டபம் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் குஞ்சு பொரித்துக் காட்டிய ஜாதி. "பசிக்குமே"ன்னு நான் போக வர மல்லிப்பட்டினத்து இறாலைக் கிள்ளிப் போட்டேன். மூணாம் நாள் தண்ணீர் கலங்கி, ஒன்று செத்துப் போச்சு. பிள்ளை முகத்தைப் பார்க்க முடியலை. தின்றது போக மிஞ்சினது அழுகி அம்மோனியா ஆகுமாம். மீனுக்கு அது விஷம்.

இப்போது இறாலை அலசி, பொடியாக நறுக்கி, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவுதான் போடுகிறேன். மிச்சத்தை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்து, அதே அளவு உப்புத்தண்ணீர் விடுகிறேன். கல் பவளம் மட்டும் வேண்டாம். 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது.

இலையில் வற்புறுத்திப் பரிமாறும் நம் தஞ்சாவூர்க் கை, மீன்தொட்டியில் செல்லாது, சகோதரிகளே!