கடல் இல்லாத ஊருக்குக் கப்பல் எதற்கு?

திருப்பூரில் கடல் கிடையாது. நொய்யல் ஆறுதான் உண்டு. (அது ஓடும் நிறம் வேறு கதை!)

ஆனாலும், கடலை நம்பிப் பிழைக்கும் ஊர் திருப்பூர்.

பனியன் கம்பெனியில் "ஒன்றரை ஷிப்ட்" பார்க்கும் ஒரு தாயாரைக் கேளுங்கள். "இந்த வாரம் ஏன் இவ்வளவு வேலை?" என்றால், "ஷிப்மெண்டுங்க!" என்பார். வீட்டில் குழந்தை தூங்கிய பிறகுதான் அவர் போய்ச் சேருகிறார்.

அந்தக் கப்பலை அவர் பார்த்தது இல்லை. அதே கம்பெனியில் கணக்கு எழுதும் பட்டதாரிகளிலும் பலர் பார்த்தது இல்லை.

மும்பையில் கூடினார்கள்

2025-ம் ஆண்டு அக்டோபர் 27 முதல் 31 வரை, மும்பையில் "இந்திய கடல்சார் வாரம்" நடந்தது. கப்பல் கம்பெனிக்காரர்கள், துறைமுக அதிகாரிகள், கப்பல் கட்டுவோர், சரக்கு ஏஜெண்டுகள் என்று பல நாட்டாரும் வந்து கூடினார்கள்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் முக்கியமான பேச்சு மேடையில் நடப்பது இல்லை. தேநீர் குடிக்கும் இடத்தில் நடக்கிறது! யார் யாரைச் சந்தித்தார், யார் யாருக்கு விலாசம் கொடுத்தார் என்பதுதான் அங்கே கணக்கு.

கப்பல் கல்லூரி மாணவர்கள் இத்தகைய கூட்டங்களுக்குப் போவது உண்டு. அவர்களுக்குக் கப்பலில் வேலை வேண்டும், போகிறார்கள். ஆனால் பின்னலாடைப் படிப்பு படிக்கும் பையனை அங்கே காண்பது அபூர்வம். வணிகவியல் படிக்கும் பெண்ணைக் காண்பது அதைவிட அபூர்வம். "அது கடற்கரைக்காரர் சமாசாரம்" என்று நினைத்து விடுகிறார்கள்.

இது தவறு. பெரிய தவறு.

பெட்டி போகும் பாதை

திருப்பூர்ச் சரக்கு லாரியில் தூத்துக்குடிக்குப் போகிறது. அங்கிருந்து பெரும்பாலும் சிறிய கப்பலில் கொழும்புக்குப் போகும். கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகும். பெரிய கப்பலைத் தவற விட்டால், அடுத்த கப்பல் வரும்வரை பெட்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

பல ஆர்டர்களில் "எப்.ஓ.பி." என்று எழுதியிருக்கும். கப்பலில் ஏற்றும்வரை செலவு நம்முடையது, பிறகு வாங்குகிறவருடையது என்று பொருள். எந்தக் கப்பல் என்பதையும் பெரும்பாலும் அவரே சொல்வார். ஆனால் நாம் தாமதம் செய்தால், "விமானத்தில் அனுப்பு, உன் செலவில்!" என்பார். விமானக் கூலி கப்பல் கூலியைப்போல் பல மடங்கு. லாபம் போகும். சில நேரம் முதலும் போகும். பிறகு சனிக்கிழமைச் சம்பளம் எங்கிருந்து வரும்?

2021 மார்ச் 23-ந் தேதி "எவர் கிவன்" என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிக் கொண்டது. 6 நாள் பாதை அடைத்துக் கிடந்தது. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள்மீது தாக்குதல் தொடங்கியது. கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. ஐரோப்பாவுக்குச் சுமார் 10 நாள் முதல் 2 வாரம் வரை கூடுதல் பயணம்!

எங்கோ நடந்த சண்டை அல்ல இது. தைத்து, மடித்து, பெட்டியில் அடுக்கிய சட்டையின் கதை. வேறு வழி உண்டா, எந்தத் துறைமுகம் தோதானது என்று கேட்கத் தெரிந்தவர்கள் ஊரில் எத்தனை பேர்?

விழிஞ்ஞம் துறைமுகத்தை 2025 மே மாதம் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். ராட்சதக் கப்பல்கள் நேரே வந்து நிற்கும் இடம் அது. கேரளக் கரையில், கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் திருப்பூருக்கு என்ன பயன்? அதைத் துறைமுக அதிகாரியிடமே ஒரு மாணவன் கேட்கட்டுமே!

வக்கீல் செய்த வேலை

வ.உ.சிதம்பரனார் மாலுமி அல்ல. வக்கீல். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வாடகைக்குக் கிடைத்த கப்பல்கள் வெள்ளைக்காரரின் நெருக்குதலால் கைநழுவின. பம்பாய்க்குப் போனார். பணக்காரர்களையும் வியாபாரிகளையும் தேடிப் பிடித்துப் பங்கு சேர்த்தார். கம்பெனிக்கு "காலியா", "லாவோ" என்று இரண்டு கப்பல்கள் வந்தன. அன்று அவர் செய்ததும் ஆட்களைச் சந்திக்கும் வேலைதான்.

பை மட்டும் போதாது

போகிற மாணவர்கள் இலவசப் பையும் பேனாவும் வாங்கிக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதானால், ரயில் செலவு வீண். கப்பல் கூலி ஏன் ஏறுகிறது, பெட்டி ஏன் கிடைப்பதில்லை என்று கேட்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் என்ன? தமிழ் பேசும் கப்பல்காரர்கள் நிறைய உண்டு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "கப்பலில் வேலை வாங்கித் தருகிறேன், லட்சம் கொடு" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். கப்பலுக்கு ஆள் சேர்க்கும் கம்பெனிக்கு அரசாங்கக் கப்பல் துறையின் உரிமம் வேண்டும். வேலை தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம்.

மும்பை தூரம் என்கிறீர்களா? தூத்துக்குடி பக்கம்தான். ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது இறங்கலாம். துறைமுகத்தில் அனுமதி கேட்டு, கல்லூரிகள் மாணவர்களை அங்கே முதலில் அழைத்துப் போகட்டும். பஸ்ஸில் இடம் இருந்தால், செக்கிங் மேஜையில் நிற்கும் அம்மாவையும் ஏற்றிக்கொள்ளலாம்.