கண்ணாடிக் கூரையா, எர்த் கம்பியா?

சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே ஒரு கறை இருக்கிறது. 2024 டிசம்பர் முதல் வாரம், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் கரைபுரண்டு வந்தபோது, கடலூர் செம்மண்டலத்தைத் தாண்டி இருக்கும் அக்கா வீட்டில் வெள்ளம் நின்ற உயரம் அது. மின்காருக்கான சார்ஜர் பெட்டியை மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், கைக்கு வாகாக இருக்கிறதென்று அந்தக் கறைக்கு ஒரு சாண் கீழே துளை போடப் போனார். அக்கா தடுத்துவிட்டார்: "தம்பி, ரெண்டடி மேல ஏத்தி மாட்டுப்பா. தண்ணி வந்த எடம் அது."

காரில் என்னென்ன வசதி வேண்டும் என்று முடிவு செய்யவும் அந்தக் கறையே சரியான அளவுகோல் என்பது என் எண்ணம். புயல் அடித்து ஓய்ந்த வாரத்தில் இந்த வசதி என்ன செய்யும்? கடலூர், சிதம்பரம் பக்கம் மின்சார எஸ்யூவி வாங்கும் குடும்பம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஷோரூமில் பேச்சு வேறு இடத்தில் தொடங்குகிறது. கண்ணாடிக் கூரை, மூன்று திரை, இருபது அங்குல சக்கரம். கத்திரி வெயிலில் சிதம்பரம் கீழ வீதியில் இரண்டு மணி நேரம் காரை நிறுத்திவிட்டுத் தில்லை நடராசரைக் கும்பிட்டு வருகிறவர்களுக்குக் கண்ணாடிக் கூரை எதைத் தரும் என்று சொல்லத் தேவையில்லை. உள்ளே ஏறிய சூட்டை ஏசிதான் இறக்க வேண்டும். அந்த ஏசி ஓடுவதும் அதே பேட்டரியில்தான்.

சிக்கல் என்னவென்றால், வேண்டியதை மட்டும் தனியாக வாங்க முடியாது. வசதிகள் மூட்டையாகத்தான் விற்கப்படுகின்றன. செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திராவின் ஆராய்ச்சி மையத்தில் உருவான பிஇ 6 காரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் அறிமுகமானபோது அதற்கு 59, 79 கிலோவாட் அவர் என இரண்டு பேட்டரிகள். பெரிய பேட்டரி உச்சியில் இருந்த 'பேக் த்ரீ'யில் மட்டும்தான். ஆரம்ப வகை 18.90 லட்சம், உச்ச வகை 26.90 லட்சம். கூடுதல் தூரம் மட்டும் போதும் என்று நினைத்தவரும் எட்டு லட்சம் அதிகம் கொடுத்து மற்ற வசதிகளையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது. 2025 ஜூலையில்தான் பெரிய பேட்டரி 'பேக் டூ'வுக்கு இறங்கி வந்தது. வீட்டுச் சார்ஜர் அந்த விலையில் அடங்கவில்லை: 7.2 கிலோவாட் பெட்டிக்கு 50,000, 11.2 கிலோவாட்டுக்கு 75,000.

பெரிய பேட்டரி அவசியம்தானா? ஒரு கிலோவாட் அவர் என்பது நம் மின்கணக்கில் ஒரு யூனிட். சிதம்பரத்திலிருந்து சென்னை சுமார் 230 கிலோமீட்டர். குடும்பத்தோடு, ஏசி போட்டு, நெடுஞ்சாலை வேகத்தில் போனால் நூறு கிலோமீட்டருக்கு 17 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். போய்ச்சேர 39 யூனிட். 45 யூனிட் பேட்டரி என்றால் தாம்பரம் தாண்டும்போதே நெஞ்சு படபடக்கும். வழியில் நிறுத்தி ஏற்றத்தான் வேண்டும். 59 இருந்தால் இருபது மிச்சம். சொந்தக்காரர் வீட்டில் பதினைந்து ஆம்பியர் பிளக்கில் ராத்திரி முழுக்கப் போட்டால் முப்பது யூனிட் வரை ஏறும், திரும்பிவிடலாம். 55 முதல் 60 வரை உள்ள பேட்டரி இந்த ஊர்க் குடும்பத்துக்குச் சரி. விளம்பரத்தில் போடும் தூரத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2020இல் வந்த நெக்ஸான் இவிக்கு 312 கிலோமீட்டர் என்றார்கள். நெடுஞ்சாலையில் இருநூறை ஒட்டித்தான் கிடைத்தது.

மிச்சமாகும் பணத்தை முதலில் வீட்டில் போடுங்கள். 11 கிலோவாட் சார்ஜருக்கு மும்முனை இணைப்பு வேண்டும். ஒருமுனை வீட்டுக்கு 7.2 கிலோவாட்டே மேல் எல்லை, அதற்கும் மின்வாரியத்தில் அனுமதிச் சுமையைக் கூட்ட வேண்டியிருக்கும். இதைவிட முக்கியமானது எர்த். அது சரியில்லாவிட்டால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். நம் கடலோர மணல் கோடையில் காய்ந்தால் எர்த் குழி பிடிப்பை இழக்கிறது. அக்கா வீட்டில் பழைய குழியைத் தோண்டிப் பார்த்தபோது கம்பி உப்பரித்துப் பாதியாகத் தேய்ந்திருந்தது. புதுத் தகடு புதைத்து, கரியும் உப்பும் போட்டு, வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுகிறார்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 340 யூனிட் கூடும். ஏற்கெனவே 400 வரும் வீடு 500ஐத் தாண்டி விலை கூடிய படியில் ஏறிவிடும். 'பிஎம் சூர்ய கர்' திட்டத்தில் மூன்று கிலோவாட் கூரைச் சூரியத் தகட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பெரிய பேட்டரிக்குக் கொடுக்க இருந்ததை இதில் போடலாம்.

நான் காசு கொடுத்துக் கேட்டு வாங்கச் சொல்வது ஒரு வசதியைத்தான்: காரின் பேட்டரியிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கும் வசதி, வி2எல். 2023இல் புதுப்பித்த நெக்ஸான் இவியிலும், ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் கிரெட்டா எலக்ட்ரிக்கிலும் இது இருக்கிறது. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையைக் கடந்த பிறகு இங்கே கம்பங்கள் வரிசையாக விழுந்து கிடந்தன. நெய்வேலியின் அனல்மின் நிலையங்கள் இருக்கும் மாவட்டம் இது. ஆனாலும் நகரத்தில் பல நாள், கிராமங்களில் வாரக் கணக்கில் இருட்டு. அம்மாவின் இன்சுலின் குப்பிகளைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தோம். ஒரு ஃபிரிட்ஜ், மூன்று மின்விசிறி, நாலு விளக்கு, செல்போன்கள் எல்லாம் சேர்ந்து நாளுக்கு ஐந்து யூனிட்தான். புயல் எச்சரிக்கை வந்ததும் முழுக்க ஏற்றி மேட்டில் நிறுத்திய 59 யூனிட் காரில், ஆஸ்பத்திரிக்கு ஓட இருபதை ஒதுக்கினாலும் ஒரு வாரம் தாங்கும்.

ஆனால் இந்த மின்சாரத்தை வீட்டு வயரிங்கில் நேராகக் கொடுக்கவே கூடாது. எக்ஸ்டென்ஷன் போட்டு ஃபிரிட்ஜுக்கும் விசிறிக்கும் மட்டும் கொடுங்கள். தவறிக் கம்பிக்குள் திரும்பிப் போனால், தெருமுனையில் வெளி மாவட்டத்திலிருந்து வந்து கம்பம் நட்டுக்கொண்டிருக்கும் லைன்மேன் உயிர் போகும்.

பல கார்களில் வி2எல் வசதி மேல்வகைகளோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆறு ஏர்பேக் எப்படிக் கீழ்வகைக்கும் வந்ததோ அப்படி இதுவும் வர வேண்டும். வாங்குபவர்கள் ஷோரூமில் கேட்டுக்கொண்டே இருந்தால் வரும்.

சக்கரம் சிறியதே நல்லது; தடித்த டயர் குழிக்குத் தாங்கும். பல மின்கார்களில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட் மட்டும்தான். இரவில் புதுச்சத்திரம் பக்கம் டயரின் பக்கவாட்டு கிழிந்தால் அந்தக் கிட் உதவாது. முன்பணம் கட்டுவதற்கு முன் டிக்கியைத் திறந்து பாருங்கள். காப்பீட்டில் பேட்டரிக்குள் தண்ணீர் புகுவதற்குப் பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

அக்கா வீட்டில் பெட்டி இப்போது கறைக்கு இரண்டடி மேலே இருக்கிறது. உயர்த்தியதில் கேபிள் நீளம் கொஞ்சம் போதாமல் போக, மாமா காரை மூக்கு உள்ளே இருக்கும்படி திருப்பி நிறுத்தப் பழகிக்கொண்டார்.